மெஷினைத் தவிர எல்லாம் பார்த்தாயிற்று

மேற்கு வர்ஜீனியா, அமெரிக்கா
14.6.2009, ஞாயிறு

மஞ்சு,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அப்பா போனுக்குக் கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "பேசுடா, எல்லாரும் கேட்டுக்கினு தான் கீறோம்" என்கிறார். சேரப்பணஞ்சேரியே காது கொடுத்துக் கேட்கும்போது பெண்டாட்டியிடம் நான் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். இங்கிருந்து ஒரகடம் ஆபீசுக்கு வாரா வாரம் கூரியர் பை போகிறது. அதில் இதைச் சொருகி விடுகிறேன். நீயும் அதே பையில் பதில் போடலாம். போட மாட்டேன் என்றால் அதையாவது எழுதிப் போடு.

கிளம்புகிற அன்று நீ கத்தினது இன்னும் காதிலேயே இருக்கிறது. பழைய கம்பெனியில் கையில் இருந்த வேலையை விட்டது தப்பு என்கிறாய். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்று இவர்கள் கூப்பிட்டபோது போகாமல் இருந்தால், கழனியும் போய் இந்த வேலையும் போயிருக்கும். ஸ்ப்ரிங் சுற்றுகிற மெஷினை நான் கற்றுக்கொண்டேன் என்று இங்கே இருக்கிற டிரெய்னர் என் பயிற்சிக் கார்டில் கையெழுத்துப் போட்டால் எனக்கு பர்மனென்ட். போடாவிட்டால் வீடுதான். சண்டை போட இனிமேல் என்ன இருக்கிறது?

அந்த டிரெய்னர் பெயர் ரஸல். அப்பா வயசு இருக்கும். மெஷின் இங்கே வந்த நாளிலிருந்து அதோடு இருப்பவர். திங்கட்கிழமை காலையில் சேஃப்டி ஷூ, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றேன். லாரி மாதிரி ஒரு வண்டியில் வந்தார். "முதலில் ஊரைப் பார்" என்றார். சரி, மரியாதைக்குச் செய்கிறார் என்று ஏறிக்கொண்டேன். மலைக்கு நடுவே ஆறு, ஆற்றங்கரையில் ஊர். அவ்வளவுதான் ஊர். பெரிய பாலம் ஒன்றின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தோம். பிறகு ஆற்றுக்கு இறங்கி அங்கிருந்து அண்ணாந்து பாலத்தைப் பார்த்தோம். மறுநாள் ரப்பர் படகு. தலையில் ஹெல்மெட், மார்பில் காற்றுப் பை. தண்ணீர் பாறையில் மோதித் தூக்கி அடிக்கிறது. நம் ஊரில் இப்படிப் படகு போனால் டிவியில் செய்தி வரும். இங்கே காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். நான் முருகா முருகா என்று கத்தினேன். கூட வந்தவர்களும் அது ஏதோ உற்சாகத்துக்குக் கத்துவது என்று நினைத்து முருகா என்று கத்தினார்கள்.

வாரம் முடிந்துவிட்டது. இன்னும் மெஷினைப் பார்க்கவில்லை. நாளைக்குக் காட்டுவார் என்று நினைக்கிறேன். போட்டோ வைத்திருக்கிறேன். படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு அறுபது வயசு. ஹெல்மெட்டில் அது தெரியாது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

பிரவீன்

*

சேரப்பணஞ்சேரி
25.6.2009

என்னங்க,

கடிதம் வந்தது. ஒரகடம் ஆபீசில் கூரியர் பையைப் பிரிக்கிற பையன் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டே கொடுத்தான். கவரை நன்றாக ஒட்டுங்கள்.

போட்டோவில் அந்த அம்மாவின் வயசை யார் கேட்டது? நீங்களாகச் சொன்னதால்தான் இப்போது உற்றுப் பார்த்தேன். அத்தை அதை எடுத்துப்போய் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். "எம் புள்ள தண்ணில இன்னா தைரியமா கீறான் பாரு" என்று ஒரே பெருமை. வாய் திறந்து நீங்கள் அழுகிற மாதிரி இருப்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது போலிருக்கிறது.

நான் கத்தினதுக்கு வருத்தப்படவில்லை. உங்களுக்கு இருந்த கோபமும் பயமும் எனக்கும் இருந்தது. நீங்கள் அதைச் சொல்லாமல் பெட்டியைக் கட்டினீர்கள், நான் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று கேட்கிறேன். நான் வேலை செய்கிற கம்பெனியில், எங்கள் லைனில் புதுசாக ஒரு பெண் சேர்ந்தால் முதல் நாளே ஸ்டூலில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துப் பழக்குகிறோம். டார்கெட் இருக்கிறதே, சும்மா வைத்திருக்க முடியுமா? உங்களை ஊர் தாண்டி, கடல் தாண்டிக் கூட்டிப்போய் பாலத்தைக் காட்டுகிறார்கள் என்றால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் வாய் விட்டுக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட கேட்காத ஆள் நீங்கள்.

கேளுங்கள்.

மஞ்சுளா

*

9.7.2009

மஞ்சு,

கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். மெஷின் எப்போது என்றால் "நாளைக்கு" என்று சிரிக்கிறார். ஒருத்தர் தன் கைக்காசைச் செலவு செய்து நம்மைக் கூட்டிப்போகும்போது, முகத்துக்கு நேரே அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது? நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி இலையில் உட்கார்ந்துகொண்டு, வந்த வேலை என்ன ஆச்சு என்று கேட்டால் அப்பா என்ன நினைப்பார்?

இந்த ஊர்க்காரர்களை எனக்குப் புரியவே இல்லை. போன சனிக்கிழமை மலை ஏறினோம். நாக்கு வெளியே வந்துவிட்டது. உச்சிக்குப் போனால் கோயில் இல்லை. கோயில் இல்லாவிட்டால் ஒரு டீக்கடையாவது இருக்கும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டு இறங்கினோம். மறுநாள் மீன் பிடிக்கப் போனோம். அரை நாள் தூண்டிலோடு நின்று நல்ல மீனாக ஒன்று பிடித்தார். தடவிக் கொடுத்து மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டார். அம்மாவிடம் இதைச் சொல்லாதே, தாங்க மாட்டார். அதற்கு அடுத்த நாள் கூடாரம் போட்டுக் காட்டில் படுத்தோம். அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஒரு சுரங்கத்துக்கும் போனோம். நிலக்கரி வெட்டின சுரங்கம். மூடி ரொம்ப வருஷம் ஆகிறது. டிக்கெட் வாங்கினால் சின்ன ரயிலில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். காட்டுகிறவர் அதே சுரங்கத்தில் கரி வெட்டினவராம். "இங்கேதான் நான் நின்றேன், இங்கேதான் என் தம்பி நின்றான்" என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். வெளியே வந்ததும் ரஸல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை எடுக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று.

கம்பெனிக்குள் ஒரே ஒரு தடவை போனேன். வண்டி நிறுத்துகிற இடம் காலி. கேன்டீனைப் பூட்டிவிட்டார்கள். மெஷின் ஷெட்டின் சாவி ரஸலின் இடுப்பில் தொங்குகிறது. மெஷின் நம் ஊருக்கு வருகிறது என்பது எனக்குத் தெரியும். இங்கே அதற்குப் பதிலாக வேறு புதுசு போடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, புதுசெல்லாம் ஒன்றும் இல்லை, மெஷின் போனதும் எல்லாருக்கும் கணக்கு முடிக்கிறார்கள் என்றார்.

அப்படியானால் ரஸலுக்கும்தானே? பின்னே ஏன் எனக்கு இவ்வளவு செய்கிறார்? தெரியாமல் தலை வலிக்கிறது. இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. கார்டு வெறுமையாக இருக்கிறது.

பிரவீன்

*

20.7.2009

என்னங்க,

உங்கள் கடிதத்தை டீ பிரேக்கில் படித்தேன். படித்ததும் எனக்கு வெளிச்சமாகிவிட்டது. உங்களுக்கு ஏன் ஆகவில்லை என்றால் அப்போது நீங்கள் வீட்டில் இல்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்கு எடுப்பதற்காகக் கழனியை அளக்க சர்வேயரும் இன்னும் ரெண்டு பேரும் வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது பழைய கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பீர்கள். நான் கல்யாணமாகி வந்து மாசம்கூட ஆகவில்லை. வந்த ஆட்களை மாமா வாசலில் நிற்கவைத்தா பேசினார்? "இம்மாந்தூரம் வந்துட்டு வல்லக்கோட்டை முருகன பாக்காம போலாமா சார்" என்று முதல் நாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மறுநாள் மணிமங்கலம். சங்கும் சக்கரமும் கை மாறி இருக்கிற பெருமாளைக் காட்டுகிறேன் என்றார். அதற்கு மறுநாள் அதே மணிமங்கலத்தில் சிவன் கோயில். ஒரே நாளில் ரெண்டையும் பார்த்தால் ஆகாதாம். பிறகு செம்பரம்பாக்கம். ஏரியில் மதகைக் காட்டி, பறவையைக் காட்டி, விரால் மீன் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான்தான் குழம்பு வைத்தேன். அந்த ஆட்களுக்கு நான் வைத்த குழம்பு மாதிரி உங்களுக்குக்கூட வைத்ததில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் தூங்குவார்கள். பொழுது சாய்ந்துவிடும். அளக்கிற சங்கிலி மூட்டையிலேயே இருக்கும். நாளைக்கு அளக்கலாம் சார் என்பார் மாமா.

நான் கூட, புதுசாக வந்தவள், இந்த வீட்டில் விருந்தோம்பல் இவ்வளவு பெரிசா என்று மலைத்துப் போயிருந்தேன். ஒரு நாள் அடுப்படியில் அத்தை சொன்னதும்தான் விஷயமே தெரிந்தது. "சுத்திக் காட்டற வரைக்கும் கழனி நம்பளுது தானே" என்றார்.

உங்கள் ரஸலும் மாமா செய்த மாதிரிதான் செய்கிறார். மெஷினை உங்களுக்குக் காட்டுகிற அன்றைக்கு அது அவருடையதில்லை. அவர் காட்டவே மாட்டார். எனக்கு அந்த மனுஷனை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. நம் பிழைப்பு அந்தக் கார்டில் இருக்கிறது. நாளைக்கு நாளைக்கு என்று அவர் சொல்ல, நீங்கள் தலையாட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்?

மஞ்சுளா

*

3.8.2009

மஞ்சு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் உன் மேல் எரிச்சல் வந்தது. ஒருத்தர் அன்பாகச் செய்வதற்குக் கூட உள்நோக்கம் கண்டுபிடிக்கிறாளே என்று. ரெண்டு நாள் கழித்து அப்பா மேல் வந்தது. எதையும் என்னிடம் சொல்லவில்லையே. வீட்டில் இவ்வளவு நடந்திருக்கிறது, நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அருவி ஒன்றைக் காட்டப் போனோம். வழியில் சொல்லிவிட்டேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியுமே. ஃபாதர், லேண்ட், சர்வேயர், டெம்பிள், லேக், ஃபிஷ், எவரி டே டுமாரோ என்று கொட்டினேன். ரஸல் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். சிரித்தார். ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு, "உன் அப்பாவுக்குப் பலித்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கடைசி நாள் என்ன செய்தார்?" என்றார். தெரியாது என்றேன். சொந்த அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்போது ஒன்று செய்தார். என் கார்டை வாங்கி, தொடை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எல்லாக் கட்டத்திலும் போட்டுவிட்டார். "இதற்குத்தானே வந்தாய். எடுத்துக்கொண்டு ஊருக்குப் போ. யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை.

கார்டு இப்போது என் பையில் இருக்கிறது. நான் பர்மனென்ட். ஆனால் ஷெட் கதவு இன்னும் திறக்கவில்லை. அந்த மெஷின் எந்தக் கலர் என்றுகூட எனக்குத் தெரியாது. நாளைக்கு அது ஒரகடத்தில் வந்து இறங்கி, "எங்கே, ஓட்டிக் காட்டு" என்று மேனேஜர் நின்றால் நான் எதை ஓட்டுவேன்? ஆனால் கார்டு கார்டுதானே என்றும் தோன்றுகிறது. காலையில் ஒன்று தோன்றுகிறது, படுக்கும்போது வேறு தோன்றுகிறது. நீ சொல்வதைக் கேட்கிறேன். கடைசி நாள் அப்பா என்ன செய்தார் என்பதையும் எழுது.

பிரவீன்

*

12.8.2009

என்னங்க,

கையெழுத்து கிடைத்துவிட்டது என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். உடனே கிளம்பி வாருங்கள் என்று ஒரு கடிதமும் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஏன் கிழித்தேன் என்றால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

கடைசி நாள் அந்த ஆட்கள் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கழனிக்கே போய்விட்டார்கள். மேலிடத்தில் திட்டு வாங்கியிருப்பார்கள். யாரோ ஓடிவந்து சொன்னார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஏதாவது தகராறு செய்துவிடப் போகிறார் என்று அத்தை என்னைப் பின்னாலேயே அனுப்பினார். நான் போனபோது சங்கிலியின் ஒரு முனையை சர்வேயர் ஆள் பிடித்திருந்தான். இன்னொரு முனை மாமா கையில் இருந்தது. கிணற்றடியிலிருந்து வரப்பு வரைக்கும் அவரே இழுத்துப் பிடித்து அளந்து கொடுத்தார். தொய்ந்தால், "இழுத்துப் புடிடா" என்று அந்த ஆளைத் திட்டினார். கல்லையும் அவரேதான் நிமிர்த்தி வைத்து மண்ணை மிதித்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மீன் குழம்பு வைத்த கை இது. வழியில் கேட்டேவிட்டேன். "இவ்ளோ நாள் சுத்தினு இருந்துட்டு, கடைசில நீங்களே ஏன் மாமா புடிச்சிக் குடுத்தீங்க?" மாமா திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே சொன்னார். "வேற எவனாவது புடிச்சா கோணலா பூடும்மா. நம்ப நெலத்த தப்பா அளந்தான்னு இருக்கக் கூடாது." அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. உங்களை எழுப்ப வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

அன்றைக்கு மாமா செய்தது சரியா, பைத்தியக்காரத்தனமா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த ரஸலுக்கும் இதைச் சொல்லுங்கள். கார்டு உங்களிடம் இருக்கிறது. போதும் என்று வந்தாலும் நான் கதவைச் சாத்த மாட்டேன்.

மஞ்சுளா

*

30.8.2009

மஞ்சு,

இன்னும் ஒரு வாரத்தில் கிளம்புகிறேன். இது உன் கைக்கு வரும்போது நானே வந்து நின்றாலும் நிற்பேன். ஆனாலும் இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

உன் கடிதம் வந்த அன்றே கார்டை எடுத்துப்போய் ரஸலின் வண்டியில், கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். அப்பா சங்கிலி பிடித்ததைச் சொன்னேன். கையால் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என்னை ரூமில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கெடுத்துக்கொண்டேன், கையில் கிடைத்ததையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று படுக்கையில் உருண்டேன். உன்மேல்கூடக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

பிறகு ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் ஹாரன் அடித்தார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. நேராகப் போய் ஷெட்டைத் திறந்தார்.

மெஷின் பச்சை கலர். பழசு. ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் கீழே இல்லை. அன்றிலிருந்து காலையில் போனால் இருட்டித்தான் வருகிறோம். சுற்றிக் காட்டினபோது இருந்த ரஸல் வேறு, இவர் வேறு. கம்பியை நான் தப்பாக விட்டால் கையைத் தட்டிவிடுகிறார். சரியாக வந்தாலும் கழற்றிப் போட்டு மறுபடியும் செட்டிங் வை என்கிறார். புத்தகத்தில் இல்லாத சத்தமெல்லாம் காது வைத்துக் கேட்கச் சொல்கிறார். நேற்று நான் தனியாக வைத்த செட்டிங்கில் ஸ்ப்ரிங் ஓடினது. ஒன்றை எடுத்து அளந்தார், இன்னொன்றை அளந்தார். கார்டை எடுத்து, பழைய கையெழுத்தை எல்லாம் அடித்துவிட்டு, புதுசாகத் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது மஞ்சு. இவர் வேலையை வாங்கிக்கொண்டு போகிறேன், அதற்கு இவரிடமே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு எப்படிப் போட்டாலும் வரவில்லை.

இன்றைக்கு மரப்பெட்டியில் மெஷினை ஏற்றினோம். ஆணி அடிக்க ஆள் வந்திருந்தது. ரஸல் அவனிடமிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

ஒரகடத்தில் மெஷினை இறக்கிப் பொருத்த ரெண்டு வாரம் வரச் சொல்லிக் கம்பெனி அவரைக் கேட்டிருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டாராம். பெட்டி மேல் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது என்னிடம், உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்கும் கம்பெனிதான், பார்க்க ஒன்றும் இல்லை என்றேன். வாயில் அப்படித்தான் வந்துவிட்டது. சொன்னதிலிருந்து மனசு சரியில்லை.

பிரவீன்

*

7.9.2009

என்னங்க,

நீங்கள் நாளைக்குத்தான் வருகிறீர்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். கூரியர் பை இன்றே போகிறது. அதனால் இதை உங்களுக்கு எழுதவில்லை, ரஸலுக்கு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் போட்ட கவருக்குள்தான் வைக்கிறேன், ரஸல் பிரித்து யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்வார். தமிழ் தெரிந்த ஆள் அந்த மலையில் கிடைப்பாரோ இல்லையோ. கிடைக்காவிட்டால் இதன் நகல் இங்கே இருக்கிறது, நீங்கள் வந்து அதைப் பார்த்துப் போனில் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்து வந்த இடத்தில் நானும் அழுதேன், அத்தையும் அழுதார். மாமா அழவில்லை. சுத்தியலை வாங்கின இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நம் கழனியில் எழும்பியிருக்கிற கம்பெனி ஷெட்டைப் பார்க்கத்தான் போயிருப்பார். கேட்டின் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். உங்களுக்கு அது தெரியாது.

சாயந்திரம் வந்து, "அந்த ஆள வரச் சொல்லி எழுதும்மா" என்றார்.

"வந்து?"

"மணிமங்கலம் இட்டுனு போறேன். வல்லக்கோட்டை, ஏரி, எல்லாம் காட்டறேன். நீ கொயம்பு வையி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே எத மாமா தள்ளிப் போடப் போறீங்க? அதான் கழனியும் போச்சி, மெஷினும் கப்பல் ஏறிச்சே."

மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுதுகிறேனா என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவனுங்களுக்கு எல்லாத்தயும் காட்டிக்கினு இருந்தேனே, நான் ஒண்ணயும் பாக்கல மா. கோயில்ல நின்னா சாமி தெரில. ஏரில நின்னா தண்ணி தெரில. கல்லு எங்க நடுவானுங்களோன்னே இருந்துச்சி. அவரும் அப்டித்தான் நம்ப பையனுக்குக் காட்டியிருப்பாரு. வரச் சொல்லு. எதுக்கும் இல்ல, சும்மா சுத்துவோம். அவரு பாக்கறப்போ நானும் ஒரு தபா பாத்துக்கறேன்."

மஞ்சுளா